கண்ணாடியில் பிழையில்லை, தம்பி

உவர்மலை,
திருகோணமலை.
08.02.2026

அன்புள்ள தம்பி,

அப்பாவின் திவசம் போன வியாழக்கிழமை குறைவில்லாமல் முடிந்தது. அம்மா முழங்கால் வலியோடும் பாயசத்தைத் தானே காய்ச்சினா. படையலுக்கு முன்னால், நீ அனுப்பிய தொலைகாட்டிப் படத்தை அவவுக்குக் காட்டினேன். "கொப்பர் இருந்தால் உதைத் தடவித் தடவிப் பார்த்திருப்பார்" என்று மட்டும் சொன்னா.

அன்று இரவு நீ எழுதியதை மூன்று தரம் படித்தேன். ஐப்பசியில் நட்சத்திரங்கள் புள்ளியாகத் தெரிந்தன, தையில் மூன்று மூலையாகத் தெரிகின்றன, கண்ணாடியைத் தேய்த்தவர் பிழை விட்டிருக்கிறார், திருப்பி அனுப்பப் போகிறேன் என்று எழுதியிருந்தாய். வட்ஸ்அப்பில் பதில் சொல்லிவிடலாம்தான். ஆனால் இதோடு அப்பாவின் கடதாசி மட்டை அச்சு ஒன்றையும் அனுப்ப வேண்டியிருக்கிறது. அதோடு, இந்த விஷயத்தை நீ ஆறுதலாக இருந்து படிக்க வேண்டும் என்று நினைக்கிறேன். அதனால்தான் கடிதம்.

முதலில் முடிவைச் சொல்லிவிடுகிறேன். கண்ணாடியை அனுப்பாதே. பிழை கண்ணாடியில் இல்லை, அது இருக்கிற இருக்கையில் இருக்கிறது. இவ்வளவு உறுதியாகச் சொல்வதற்குக் காரணம், இதே பிழையை விளங்கிக்கொள்ளாமல் நான் ஒரு நல்ல ஆடியை என் கையாலேயே கெடுத்தேன். அந்தக் கதை உனக்கு முழுதாகத் தெரியாது. நீ அப்போதுதான் கனடாவுக்குப் போயிருந்தாய்.

2010இல் அப்பா துறைமுகப் பக்கத்திலிருந்து ஒரு கப்பல் யன்னல் கண்ணாடி கொண்டுவந்தார். பத்து அங்குல வட்டம், முக்கால் அங்குலத் தடிப்பு. ஒரு வருசம் முழுக்கப் பின்விறாந்தையில் வைத்து அதைத் தேய்த்தேன். வெள்ளிப் பூச்சும் நாங்களே போட்டோம். 2012 மாசியில் முதல் தரம் வானத்துக்குத் திருப்பியபோது, தெற்கே அகத்திய நட்சத்திரம் ஊசிமுனை போல நின்றது. அப்பா ஒன்றும் பேசவில்லை, பார்வைத் துண்டில் இருந்து கண்ணை எடுக்கவும் இல்லை.

அந்த ஆடியை நான் எப்படிப் பொருத்தியிருந்தேன் தெரியுமா? ஒரு பிளைவூட் வட்டத்தில் மூன்று இடத்தில் சிலிக்கோன் பசை வைத்து, நேரே ஒட்டிவிட்டேன். தேய்ப்பதற்கு ஒரு வருசம் செலவழித்த நான், அது இருப்பதற்கு இருக்கை செய்ய அரைநாள்கூடக் கொடுக்கவில்லை. அதே ஆண்டு மாரி வந்தது. நம் ஊர் மாரியில் கதவு இறுகும், லாச்சி திறக்காது. பிளைவூட்டும் ஈரம் குடித்து நெளிந்தது, நெளிந்தபோது தன்னோடு ஒட்டியிருந்த கண்ணாடியையும் இழுத்தது. நட்சத்திரங்கள் நீள்வட்டமாகின. பார்வைத் துண்டைக் குவியத்துக்கு உள்ளே கொண்டுபோனால் நிமிர்ந்து நின்றன, வெளியே இழுத்தால் படுத்துக்கொண்டன. நான் தேய்த்ததில்தான் பிழை என்று நினைத்தேன். 2013இல் வெள்ளியைக் கழற்றி, ஐந்து மாதம் இருந்து மறுபடி மினுக்கினேன். மினுக்கி முடித்து அதே பலகையில் அதே பசையால் ஒட்டினேன். அடுத்த மாரியில் அதே நீள்வட்டம் திரும்ப வந்தது. இந்த முறை ஓரமும் தாழ்ந்து போயிருந்தது. அது நான் செய்த சேதம்.

அப்போது அப்பா சொன்னதைக் கேள்: "வள்ளம் கடலிலை கிடக்கேக்கை தண்ணி அதை எல்லாப் பக்கமும் தாங்கும். கரையிலை ஏத்தி ரெண்டு கட்டையைப் பிழையா வைச்சாலே பலகை விலகும். பிறகு தச்சனைப் பேசி என்ன? கண்ணாடியைக் கழட்டு, கட்டையைப் பாப்பம்."

நாற்பது வருசம் வள்ளம் கட்டியவர் சொன்ன அந்த வார்த்தையில்தான் இந்தக் கலை முழுதும் அடங்கியிருக்கிறது. தங்கூசி நூலின் இரண்டு நுனியையும் தடியில் சுற்றி, வாள் போல இழுத்து இழுத்துப் பசையை அறுத்தார். பலகையை விட்டு வந்த கண்ணாடி கையில் லேசாக ஆடியது எனக்கு இன்னும் ஞாபகம்.

கண்ணாடி கல் மாதிரி விறைப்பான பொருள் என்று நினைக்கிறோம். அது வளையும் தம்பி, தன் பாரத்திலேயே வளையும். எவ்வளவு வளைந்தால் படம் கெடும் என்று கேட்டால், ஒளியின் அலைநீளத்தால்தான் அளந்து சொல்ல வேண்டும். பச்சை ஒளியின் அலை 550 நனோமீற்றர். ஆடியின் மேற்பரப்பு அதில் எட்டில் ஒரு பங்குக்கு மேல் பிசகக்கூடாது. அதாவது ஏறத்தாழ 70 நனோமீற்றர், தலைமயிரின் தடிப்பில் ஆயிரத்தில் ஒரு பங்கு. இவ்வளவு நுட்பமான வளைவை நீ காசு கொடுத்து வாங்கியிருக்கிறாய். அதை மூன்று ஆணி அழித்துவிடும்.

இன்னொரு கணக்கும் உனக்குத் தெரிய வேண்டும். தடிப்பு ஒன்றாக இருக்க விட்டம் இரண்டு மடங்கானால், வளைவு 16 மடங்காகும். தடிப்பை இரட்டித்தால் வளைவு கால்வாசியாகக் குறையும். ஒரு அங்குலத் தடிப்புள்ள ஆறு அங்குல ஆடியை மூன்று புள்ளியில் வைத்தால் போதும், அது கவலைப்படாது. உன்னுடையது அதே ஒரு அங்குலத் தடிப்பில் 12 அங்குலம். ஆறு அங்குலக்காரர் சொல்லும் புத்தி உனக்குச் சரிவராது.

இப்போது உன்னுடைய மூன்று மூலைக்கு வருகிறேன். நீ அனுப்பிய படத்தில், அலுமினிய வளையத்துக்குள் கண்ணாடி இருக்கிறது. வளையத்தின் பக்கத்திலிருந்து மூன்று நைலோன் திருகாணிகள் கண்ணாடியின் ஓரத்தைத் தொடுகின்றன. வீட்டுக்குள் வைத்து, ஆடாமல் அசையாமல் இருக்கட்டும் என்று இறுக்கினாய். பிறகு உறைபனிக்குள் கொண்டுபோனாய். 20 பாகையிலிருந்து உறைநிலைக்குக் கீழே 10 பாகைக்குப் போனால், 30 பாகை இறக்கம். 12 அங்குல அலுமினிய வளையம் அதில் ஏறத்தாழ 0.21 மில்லிமீற்றர் சுருங்கும். சாதாரணத் தட்டைக் கண்ணாடி 0.08 மில்லிமீற்றர்தான் சுருங்கும். மீதி 0.13 மில்லிமீற்றர் எங்கே போகும்? அந்த மூன்று திருகாணிகளும் கண்ணாடியை மூன்று பக்கத்திலிருந்து நெரிக்கும். 70 நனோமீற்றர் பிசகுக்கே மனம் கோணுகிற கண்ணாடியை அதைவிட ஆயிரத்துக்கும் மேல் மடங்கான ஒரு சுருக்கம் நெருக்குகிறது. நட்சத்திரம் மூன்று மூலையாகாமல் வேறு என்ன ஆகும்?

மூன்று புள்ளியில் மட்டும் கிடக்கிற மெல்லிய கண்ணாடியும் முக்கோணப் பிழை காட்டும், அது உண்மை. ஆனால் கண்ணாடியின் பாரம் ஐப்பசியிலும் தையிலும் ஒன்றுதான். இடையில் மாறியது குளிர் மட்டும். அதனால் திருகாணியைத்தான் முதலில் சந்தேகப்படுகிறேன். நீ கபெல்லா நட்சத்திரத்தைப் பார்த்ததாக எழுதியிருந்தாய். நீ இருக்கிற ரொறன்ரோவில் இந்த நாட்களில் அது இரவு எட்டரைக்குக் கிட்டத்தட்ட உச்சியில் நிற்கும். தொலைகாட்டி நேர்மேலே பார்க்கும்போது, பாரம் முழுதும் பின்பக்கத் தாங்கலில்தான் இறங்கும், ஓரத்துக்கு வேலையே இல்லை. வேலை இல்லாத நேரத்தில்கூட ஓரத் திருகாணி கண்ணாடியை வருத்துகிறது என்றால், அது தாங்கவில்லை, நெரிக்கிறது.

இனி எப்படிச் செய்ய வேண்டும் என்று சொல்கிறேன். பின்பக்கத்தில் ஒன்பது புள்ளி வை. ஒன்பது கட்டையை ஒரே பலகையில் அடித்தால் ஒன்பது புள்ளி ஆகாது. அதில் ஆக உயரமான மூன்றுதான் பாரம் தாங்கும், மற்ற ஆறும் சும்மா நிற்கும். கோயிலில் சாமி காவுவதை நினைத்துப் பார். நெட்டையும் கட்டையுமாக ஆட்கள் ஒரே கொம்பின் கீழ் நின்றால், பாரம் நெட்டையன் தோளில் இறங்கும், கட்டையன் சும்மா கூட நடப்பான். அப்பாவின் விடை தராசுக் கோல். மூன்று அலுமினிய முக்கோணத் தகடு. ஒவ்வொன்றும் நடுவில் ஒரு உருண்டைத் தலை ஆணியின் மேல் தராசு போல ஆடும். ஒவ்வொரு முக்கோணத்தின் மூன்று மூலையிலும் ஒவ்வொரு புள்ளி. ஒரு மூலை கொஞ்சம் உயர்ந்தால் மற்ற இரண்டும் தாமாக இறங்கி, மூன்றும் பாரத்தைச் சமமாகப் பங்கு போட்டுக்கொள்ளும். கீழே நிற்கும் ஆணிகள் மூன்றுதான். முக்காலி எந்தத் தரையிலும் ஆடாது, அதனால்தான் மூன்று. உன் கண்ணாடி ஏறத்தாழ 4.6 கிலோ. ஒன்பது புள்ளியும் ஒழுங்காக வேலை செய்தால், ஒவ்வொன்றுக்கும் அரைக் கிலோதான்.

ஆணி வரவேண்டிய இடத்தைக் கண்மட்டத்தில் வைக்காதே. ஒவ்வொரு மூலையிலிருந்தும் எதிர்ப் பக்கத்தின் நடுவுக்குக் கோடு போடு. மூன்று கோடும் சந்திக்கும் இடம்தான் அது. அடியிலிருந்து உயரத்தின் மூன்றில் ஒரு பங்கில் வரும். ஒன்பது புள்ளியும் நடுவிலிருந்து எவ்வளவு தூரத்தில் வரவேண்டும் என்பதை டேவிட் லூயிஸ் எழுதிய பிளொப் என்ற கணினி நிரல் கணக்குப் போட்டுத் தரும், அது இலவசம். உன் விட்டம், தடிப்பு, குவியத்தூரத்தைக் கொடுத்தால் போதும். நான் அனுப்பும் அச்சு பத்து அங்குலத்துக்கானது. அளவை எடுக்காதே, அப்பா முக்கோணத்தை எப்படி வெட்டினார், ஆணிக்குழியை எவ்வளவு ஆழப்படுத்தினார் என்பதை மட்டும் பார். புள்ளிகளில் றப்பர் வைக்காதே, அது கண்ணாடியைப் பிடித்துக்கொள்ளும். நாங்கள் முதலில் பழைய பாட்டா செருப்பை வெட்டி வைத்தோம், பிறகு கழற்றிவிட்டோம். கதிரைக் கால்களுக்கு ஒட்டுகிற கம்பளித் துண்டு நல்லது. ஒன்பது துண்டு இந்த உறைக்குள் இருக்கிறது.

ஓரத்துக்கு இரண்டு தாங்கல் போதும், மூன்றாவது வேண்டாம். உன் தொலைகாட்டி மேலும் கீழும்தான் சாய்கிறது. அதனால் கண்ணாடியின் அடிப்புள்ளியிலிருந்து இடமும் வலமும் 45 பாகையில் இரண்டு வை. அவை கண்ணாடியின் தடிப்பில் அதன் புவியீர்ப்பு மையம் வரும் மட்டத்தில் தொட வேண்டும். முன்னுக்கோ பின்னுக்கோ தள்ளிப்போனால், தாழ்வான நட்சத்திரத்தைப் பார்க்கும்போது கண்ணாடி முறுகும். வாகன ஆசனப்பட்டியால் தொட்டில் கட்டி அதில் இருத்துபவர்களும் இருக்கிறார்கள். கண்ணாடி முன்னால் விழாமல் இருக்க மூன்று கொளுவி வேண்டும்தான். ஆனால் அவை கண்ணாடியைத் தொடக்கூடாது. ஒரு கடதாசித் துண்டு தடையில்லாமல் போய்வர வேண்டும். கண்ணாடி தட்டினால் மெல்ல அசைவது பிழையில்லை. அசையாமல் இருந்தால்தான் பயப்பட வேண்டும்.

இதை நானும் அப்பாவும் புதிதாகக் கண்டுபிடிக்கவில்லை என்று பிறகு அறிந்தேன். டப்ளினில் தோமஸ் கிரப் என்பவர் 1835இல் ஆர்மா வானாய்வகத்துக்கு 15 அங்குல ஆடித் தொலைகாட்டி செய்தபோதே, இந்தத் தராசுக் கோல் தாங்கலை வைத்திருக்கிறார். அவருடைய மகன் காலத்தில் அதே பட்டறை செய்த 20 அங்குலத் தொலைகாட்டி ஒன்று புனேக்கு வந்து, 1912இல் கொடைக்கானலுக்குப் போனது. கலிபோர்னியாவின் பலோமர் மலையில் 1948இல் திறந்த 200 அங்குல ஆடிக்குப் பின்னால் 36 தாங்கிகள் இருக்கின்றன. அத்தனை இருந்தும் வடிவம் முழுதாகச் சரிவராமல், மீன் நிறுக்கிற வில் தராசுகள் சிலவற்றை மாட்டித்தான் அதைச் சீராக்கினார்கள். இதைப் படித்த அன்று அப்பாவிடம் ஓடிப்போய்ச் சொன்னேன். "மீன் தராசு எண்டால் அவையள் எங்கடை ஆக்கள்தான்" என்று சொல்லிவிட்டு அன்று முழுக்கச் சந்தோசமாக இருந்தார்.

வீட்டுத் தொலைகாட்டிக்காரர் எல்லோருக்கும் பாட்டன் போன்ற ஜோன் டொப்சனும் 1956இல் தன் முதல் ஆடியைக் கப்பல் யன்னல் கண்ணாடியில்தான் தேய்த்தார். அதுவும் 12 அங்குலம். அப்போது அவர் இராமகிருஷ்ண சங்கத் துறவி. நம் ஊரில் கோணேஸ்வர இந்துக் கல்லூரி தன் பெயரில் தாங்கி நிற்கிறதே, அதே இராமகிருஷ்ணரின் சங்கம். தெருவில் போவோரைக் கூப்பிட்டுச் சந்திரனைக் காட்டுவதுதான் அவர் வாழ்நாள் வேலை. 2014 தை 15ஆம் திகதி அவர் காலமானார். அதே தை மாதத்தில்தான் அப்பாவின் ஒன்பது புள்ளி இருக்கை முடிந்தது. என் ஆடியின் ஓரத்தில் ஒரு விரல் அகலத்தைக் கறுப்பு மட்டையால் மறைத்தோம். அது நான் கெடுத்த பகுதி. மீதி எட்டரை அங்குலமும் திரும்ப ஊசிமுனை காட்டியது. 12 மாரி போய்விட்டது, இன்றுவரை நீள்வட்டம் வரவில்லை. வெள்ளி மட்டும் உப்புக்காற்றில் கறுக்கும், நான் திரும்பப் பூசுவேன்.

நேற்று இரவு ஒன்பது மணிக்கு முற்றத்தில் வைத்துப் பார்த்தேன். சீனன்குடாப் பக்கத்து விளக்குகள் துறைமுகத் தண்ணீரில் நீளமாகக் கிடந்தன. அவற்றுக்கு மேலே தெற்கில் அகத்தியம். உன் ஊரில் அது ஒருநாளும் உதிக்காது. உனக்குக் கபெல்லா உச்சியில், எனக்கு அகத்தியம் தெற்கில். ஆடி சரியாக இருந்தால் இரண்டும் புள்ளிதான்.

கண்ணாடியைத் தேய்த்தவரைப் பற்றி ஒரு வார்த்தை சொல்கிறேன், கோபிக்காதே. அவர் யாரோ, எனக்குத் தெரியாது. ஆனால் ஒரு ஆடியைத் தேய்த்து முடிக்க எத்தனை இரவுகள் வேண்டும் என்று தெரியும். அதைச் சோதித்துப் பார்க்காமல் அவர் மேல் பிழை போடுவது நியாயமில்லை. திருப்பி அனுப்பினால், அவர் இன்னொரு ஆடி அனுப்புவார். நீ அதையும் அதே மூன்று திருகாணிக்குள் நெரிப்பாய். நான் 2013இல் செய்தது இதுதான்.

அதனால் ஒன்று கேட்கிறேன். இந்தக் கடிதம் கிடைத்த பிறகு வருகிற முதல் தெளிந்த இரவில், தொலைகாட்டியை இரண்டு மணித்தியாலம் முன்னதாகவே வெளியில் வை, கண்ணாடி குளிரட்டும். பிறகு மூன்று திருகாணியையும் கடதாசி போய்வரும் அளவுக்குத் தளர்த்திவிட்டுக் கபெல்லாவைப் பார். மூலை மறைந்தால் விஷயம் முடிந்தது. மறையாவிட்டால், கண்ணாடியை அதன் இருக்கையில் வட்டத்தின் ஆறில் ஒரு பங்கு திருப்பி வைத்துப் பார். மூன்றில் ஒரு பங்கு திருப்பாதே, முக்கோணம் அப்படியே தன் மேல் விழும், வித்தியாசம் தெரியாது. மூலைகள் கண்ணாடியோடு திரும்பினால் பிழை கண்ணாடியில், நான் என் வார்த்தையைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். திரும்பாமல் நின்ற இடத்திலேயே நின்றால் பிழை இருக்கையில். அப்போது நீ ஒன்பது புள்ளியைச் செய்யத் தொடங்கு. மூலைகள் எந்தப் பக்கம் நின்றன என்று படம் கீறி எனக்கு அனுப்பு. அதுவரை கண்ணாடியைப் பெட்டியில் போடாதே.

அம்மா உன் குரலைக் கேட்க வேண்டுமாம். ஞாயிற்றுக்கிழமை எடு.

அன்புடன்,
அக்கா